கிசுகிசுத்தால் நிற்காத பேருந்து

கொசு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கல்லூரியின் இசை நாடகத் துறையில் சேர்ந்த புதிதில், குரல் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தாள். ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார், குழல்விளக்கைப் பார்த்தார், "எங்கேயோ கொசு சத்தம் கேட்டுச்சே" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தேடினார். அதுதான் வினை. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு குரல் வளர்ந்தது. ஆனால் மூன்றாம் பருவத்தில் பாட்டுத் தேர்வன்று பயம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் "குரல் கேட்கவில்லை" என்று எழுதி, பூஜ்யம் போட மனசு வராமல் ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போனார். அரியர். அதைக் கழிக்க மிச்சமிருந்தது ஒரே வழி: கடைசிப் பருவத்து நாடகத்தில், வெளித்தேர்வாளர் முன்னால் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவர் காதில் விழுந்தால் பட்டம். விழாவிட்டால் இன்னொரு வருடம், அதே விடுதி, அதே கட்டில், நேற்றுவரை தன்னை அக்கா என்று கூப்பிட்டவர்களோடு ஒரே பெஞ்சு.

இதற்கெல்லாம் மூல காரணம் அவள் எடுத்த படிப்புதான் என்பது அத்தையின் கட்சி. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டு தம்பி நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் எடுப்பவர். "பாட்டு ஒழுங்கா வந்தா பாட்டு படிப்பாங்க. ஆட்டம் வந்தா ஆட்டம் படிப்பாங்க. மூணையும் சேர்த்துப் படிக்கிறாங்கன்னா மூணுமே வரலைன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னபோது, கொசு எதிர்வாதம் செய்தாள். அத்தைக்கு அதுவும் கேட்கவில்லை.

பருவத்தின் கடைசி வாரங்களில் இசை நாடக மாணவர் என்பவர் மனிதர் அல்லர், ஒரு பிரயாண வண்டி. காலையில் இரும்புத்தகடு பதித்த காலணியோடு, டாப் டான்ஸ் என்னும் தட்டாட்டத் தேர்வு. அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் டக் டக்கென்று மேடை வரலாற்று வகுப்புக்கு ஓட்டம். மத்தியானம் தையல் அறையில் யாருடைய கோட்டுக்கோ பொத்தான். சாயங்காலம் இளையவர்கள் போடும் நாடகத்தில் கோரஸில் நின்று கடல் அலையாக ஆடுதல். அதை முடித்துவிட்டுத்தான் தன் சொந்த நாடகத்துக்கு ஒத்திகை. சாப்பாடு என்பது இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நடந்துகொண்டே செய்கிற காரியம்.

இப்படி நாள் முழுக்கப் பாடினால் தொண்டை என்ன ஆகும்? அதனால்தான் இந்தத் தொழிலில் அரைக்குரல் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒத்திகையில் சொற்களை மூச்சுக்காற்றில் மட்டும் சொல்லிக்கொண்டு போவது. ஆட்டத்தைக் காலால் ஆடாமல், இரண்டு விரலை உள்ளங்கைமேல் நடக்கவிட்டு அடியை மட்டும் காட்டுவது. எங்கே நிற்கிறோம், எப்போது திரும்புகிறோம் என்று உடம்புக்கு நினைவூட்டினால் போதும். குரலும் காலும் காட்சியன்று கிடைக்கும். சமைக்கப் போகிறவர் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது போல. அதைப் பார்த்து யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

துறைத்தலைவர் உட்கார்ந்தார்.

அவரை மாணவர்கள் மாமேதை என்று அழைத்தார்கள், அவர் இல்லாதபோது. இருக்கும்போதும் அப்படி அழைத்திருந்தால் மறுத்திருக்க மாட்டார். எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு துணி. பேசினாலே அச்சடித்த மாதிரி இருக்கும், அடிக்குறிப்பு மட்டும்தான் பாக்கி. மேடையில் மௌனம் என்பது பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். மேடையேறியதெல்லாம் சால்வை போட்டுக்கொள்ளத்தான். அந்தப் பருவம் முழுவதும் கருத்தரங்கு கருத்தரங்காகப் போயிருந்ததால், தன் பெயரை இயக்குநர் என்று போட்டிருக்கும் நாடகத்தை அவர் பார்க்கவே இல்லை. காட்சிக்கு முந்தைய வாரம் ஒரு ராத்திரி ஒத்திகை அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாடகம் எளிமையானது. மாணவர்களே எழுதியது. ஒரு பேருந்து நிலையம். அங்கே அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்து நாளெல்லாம் வண்டிகளின் பெயரைக் கூப்பிடும் ஒரு பெண், தானும் ஒரு வண்டியில் ஏறிப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்தே வயதைப் போக்குகிறாள். கடைசியில் கிளம்பிப் போகிற வண்டியைப் பார்த்து, கூண்டைவிட்டு ஓடிவந்து, நிற்கச் சொல்லிப் பாடுகிறாள். வண்டி நிற்கிறது. அந்தப் பெண் கொசு. அந்தப் பாட்டு அவள் அரியர்.

அன்றைக்கு அவள் காலையிலிருந்து ஓடி, சாயங்காலம் கடல் அலையாகவும் இருந்துவிட்டு வந்திருந்தாள். மூச்சுக்காற்றில் பாடினாள். மற்றவர்கள் உள்ளங்கையில் விரல்களை ஓட்டினார்கள். ஓரத்தில் பியானோக்காரர் ஒற்றை விரலால் மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் அவருக்கு டீ.

மாமேதை எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"யார் சொல்லிக்கொடுத்தது இது?"

 தப்பு ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

"நான் இருபது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பதை நீங்கள் நிகழ்த்திவிட்டீர்கள். ஆட்டத்தை உள்ளங்கைக்குள் சுருக்கிவிட்டீர்கள். குரலை அதன் நிழலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்."

கொசு எழுந்தாள். "சார், நான் சும்மா தொண்டைக்கு ரெஸ்ட் குடுத்தேன் சார்."

"அதேதான்," என்றார் மாமேதை. "தொண்டைக்கு ஓய்வு. மேடைக்கே ஓய்வு. சொல் எப்படித் தன்னாலே வருகிறது பாருங்கள் இவளுக்கு."

"இல்ல சார், காட்சியன்னைக்கு சத்தமாத்தான் பாடுவோம்."

"பாடக் கூடாது," என்றார். "ஒரு சுருதி ஏறக் கூடாது. ஒரு கால் தரையைத் தட்டக் கூடாது. இதை இப்படியே மேடையில் வைக்கிறோம். ஒலிபெருக்கி வேண்டாமென்று நானே சொல்லிவிடுகிறேன்."

செவிடன் காதில் சங்கு ஊதலாம், ஒருநாள் இல்லை ஒருநாள் அவன் அதிர்வையாவது உணர்வான். தான் சொன்னதையே கேட்டுக்கொண்டிருக்கிறவர் காதில் எதை ஊதுவது? அவர் போனபின் அறையில் முதலில் பேசியது பம்பரம்தான். கொசுவின் அறைத்தோழி, துறையிலேயே நன்றாக ஆடுகிறவள், சுழல ஆரம்பித்தால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

"நாலு வருஷமா என் கால் வீங்கினது எதுக்குடி? விரலால நடக்கவா?"

"உனக்கு ஆட்டத்துல அரியர் இல்ல. எனக்குப் பாட்டுல இருக்கு," என்றாள் கொசு. "குரல் கேக்கலைன்னு அரியர் வெச்சவளை, குரலே கேக்கக் கூடாதுன்னு மேடை ஏத்துறாரு."

"மீறிப் பாடிரு."

"உள்மதிப்பீடு அவர் கையில."

"சரி, பாடாத."

"வெளிமதிப்பீடு, வெளியூர்லேர்ந்து வரப்போற தேர்வாளர் அம்மா கையில."

"இருதலைக் கொள்ளி எறும்புன்னு சொல்வாங்களே, அது நீதான்."

"எறும்பா இருந்தா எங்கேயாவது ஒளிஞ்சுக்கலாம்டி."

பியானோக்காரர் டீயைக் குடித்து முடித்தார். "எனக்கு மிருதுவா வாசின்னு உத்தரவு," என்றார். "இனிமே மிருதுவா வாசிக்கணும்னா மூடிவெச்சுத்தான் வாசிக்கணும்."

மிச்சமிருந்த நாட்களெல்லாம் கிசுகிசு ஒத்திகையாகப் போயின. மாமேதை தினமும் வந்தார். "இன்னும் குறை" என்பதுதான் அவர் கொடுத்த ஒரே திருத்தம். யாரோ ஒருவன் தும்மியதை மிகை நடிப்பு என்று கண்டித்தார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு முழுத் திருப்தி: பேருந்து. அது ஒட்டுப்பலகையில் செய்து, சக்கரம் வைத்து, இரண்டு முன்விளக்கு பொருத்திய வண்டி முகப்பு. அதற்குப் பின்னால் ஆறு பேர் குனிந்து தள்ளுவார்கள். குனிந்தவர்களுக்குத் தரையைத் தவிர எதுவும் தெரியாது. கொசு "நில்லு" என்று பாடும் முதல் சொல்லைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஒத்திகை அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பதால், அவள் கிசுகிசுத்தாலே வண்டி கச்சிதமாக நின்றது. "பார்த்தீர்களா," என்றார் மாமேதை, "மௌனத்துக்கு இரும்பும் பணிகிறது." வண்டியில் இரும்பு, ஆணி மட்டும்தான்.

காட்சி சாயங்காலம். மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர், மாமா, சித்தி, கைக்குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசை வரிசையாக மனிதர்கள். எல்லோரும் தங்கள் வீட்டுப் பிள்ளை வாய் திறப்பதைக் கேட்க வந்தவர்கள். அப்பாவும் அத்தையும் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால். வெளித்தேர்வாளர் முதல் வரிசையில், மடியில் பையும் பைமேல் காகிதமுமாக. குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, சிரிப்பைச் செலவு செய்யாத முகம். பக்கத்தில் மாமேதை, புதுக் கழுத்துத்துணியோடு.

திரை விலகியது. மேடையில் இருபது பேர் உதட்டை அசைத்தார்கள்.

முதல் சில நிமிடங்களுக்குப் பார்வையாளர்கள் தங்கள் காதைச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் மைக்கைச் சந்தேகப்பட்டார்கள். அதன்பிறகு மரியாதை கருதி அவர்களும் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள்.

"என்னக்கா, வண்டி நியூட்ரல்லயே இருக்கு?" என்றார் அப்பா.

"சும்மா இருடா. ஏதோ ரகசியம் பேசிக்கிறாங்க. நமக்கெதுக்கு."

பின்வரிசை ஆசாமி குனிந்து, "சார், அந்தக் கூண்டுல இருக்கிற பொண்ணு இப்ப என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. என் பொண்ணுதான்."

இப்படி ஆளுக்கு ஒரு கிசுகிசு. நானூறு பேர் மெல்லப் பேசினால் அது மெல்லிய பேச்சாக இருப்பதில்லை. மழைக்கு முன்னால் மரங்கள் போடும் சத்தமாக இருக்கும். மேடையின் மௌனத்தைக் கூட்டத்தின் மௌனம் அமுக்கிவிட்டது. மாமேதை இதைக் கவனித்து, முன்னால் சாய்ந்து, புன்னகையோடு கண்ணை மூடிக்கொண்டார். பார்வையாளர் பங்கேற்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

இடைவேளையில் கொசு பக்கத்திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். வெளித்தேர்வாளர் பேசியது தெளிவாகக் கேட்டது. அந்த மண்டபத்தில் அன்று இயல்பான குரலில் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

"மைக் ரிப்பேரா சார்?"

"மைக்கை நாங்கள் மறுத்துவிட்டோம்."

"சரி. ஒரு பொண்ணுக்குப் பாட்டு அரியர்னு போட்டிருக்கே, அவ எப்ப பாடுவா?"

"தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்கள் கேட்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்."

"காதை விட்டா வேற முறை எனக்குத் தெரியாதே சார்," என்று சொல்லிவிட்டு அந்தம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

 பேனா மூடி கழன்றால் இன்னொரு கோடு விழப்போகிறது. திரைக்குப் பின்னால் வண்டி முகப்பை நிமிர்த்திக்கொண்டிருந்த பம்பரத்திடம் கொசு ஓடினாள்.

"நான் பாடப்போறேன்."

"பாடு. நான் வண்டிக்குள்ளதான இருக்கேன், வெளிய என்ன நடக்குதுன்னு எனக்கு என்ன தெரியப்போவுது."

"அவர் ஃபெயில் போட்டா?"

"போட்டா நான் உனக்கு கிளாஸ்மேட் இல்ல, சீனியர். அக்கான்னு கூப்பிடணும்."

முடிவெடுத்துவிட்டுத்தான் மேடைக்குப் போனாள். ஆனால் முடிவெடுப்பது தலை, பாடுவது தொண்டை. இத்தனை நாள் பழக்கிய தொண்டை, முதல் வரிசையில் கழுத்துத்துணியைக் கண்டதும், பழகிய சத்தத்தையே கொடுத்தது. கூண்டைவிட்டு இறங்கி ஓடிவந்தாள். பியானோ தூக்கத்தில் புரண்டது போல ஒரு சுரம் எழுப்பியது. இடது பக்கமிருந்து வண்டி உருண்டு வந்தது.

"நில்லு," என்றாள், காற்றில்.

வண்டி நிற்கவில்லை.

உள்ளே ஆறு பேரும் குனிந்து தரையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நானூறு பேர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். சொல் எங்கே கேட்கும்? கேட்கும்வரை தள்ளு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாடம். ஒட்டுப்பலகைப் பேருந்து கொசுவைத் தாண்டி, போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, மேடையின் முன்விளிம்பை நோக்கி நிதானமாக உருண்டது. விளிம்புக்குக் கீழே பியானோ. பியானோவில் பியானோக்காரர், மிருதுவாக, கண்ணை மூடிக்கொண்டு.

"நில்லு," என்றாள் இன்னொரு தடவை. அதுவும் காற்று. அப்பா இருந்த இடத்திலிருந்தே காலால் பிரேக்கை மிதித்தார். இருபது வருடப் பழக்கம். முன்சக்கரம் விளிம்புப் பலகையில் ஏறியது.

"நில்ல்ல்லு!"

அது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். கடைசிச் சுவரில் பட்டு, திரும்பி வந்து, அவள் முதுகில் இடித்தது. வண்டி அந்தரத்தில் அரைச்சக்கரத்தோடு நின்றது. ஒரு முன்விளக்கு மட்டும் கழன்று, மேலிருந்து விழுந்து, பியானோவின் கனத்த சுரங்கள்மேல் டமாரென்று உட்கார்ந்தது. பியானோக்காரர் கண்ணைத் திறந்தார். விளக்கை எடுத்துத் தரையில் வைத்தார். தலைக்கு மேலே தொங்கிய பேருந்தைப் பார்த்தார். அப்புறம், சத்தத்தைக் குறைக்கும் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மெட்டை முதலிலிருந்து எடுத்தார்.

கூட்டத்திடமிருந்து அதுவரை கேட்காத ஒன்று கேட்டது: நிஜமான நிசப்தம். இப்போது நிறுத்திக்கொள்ளலாம். விபத்தைத் தடுத்தாகிவிட்டது, இனி மறுபடியும் காற்றுக்குத் திரும்பினால் மாமேதைகூட மன்னித்துவிடுவார். கொசு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் ஒற்றை விரலை ஆட்டினார். அவள் பேனாவைப் பார்த்தாள். அது காகிதத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. வாயைத் திறந்தாள்.

"நில்லு, கொஞ்சம் நில்லு,
ஊருக்கெல்லாம் வழி சொன்னேன்,
எனக்கொரு வழி சொல்லு…"

ஒரு வாரமாக ஓய்வெடுத்த தொண்டை. கொட்டடியில் கட்டிப்போட்ட குதிரையை அவிழ்த்துவிட்டது போலப் போனது. இப்படி ஒரு நன்மையை மாமேதை தெரியாமல் செய்துவைத்திருந்தார். வண்டிக்குள்ளிருந்து பம்பரம் முதலில் வெளியே வந்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், விரல்களை மடக்கிக்கொண்டாள், காலால் தரையை ஓங்கித் தட்டினாள். அதோடு கட்டுப்பாடு போயிற்று. மீதி ஐந்து பேரும் வந்தார்கள், கோரஸ் எழுந்தது, முதல் பாதியில் பாக்கி வைத்த அத்தனை சத்தத்தையும் சேர்த்துப் பாடித் தீர்த்தார்கள்.

"அதோ, கியர் விழுந்திருச்சு," என்றார் அப்பா.

"இப்பதான் புரியுது," என்றார் அத்தை. "அந்தப் பொண்ணு பஸ்ல போகணும்னு ஆசைப்படுது. இதை அப்பவே வாய்விட்டுச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

கைதட்டலில் முதலில் எழுந்து நின்றவர் மாமேதை. அவருக்கும் வேறு வழி இல்லை. மற்ற எல்லோரும் எழுந்தபின் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பது ஒரு கருத்தாகிவிடும்.

திரைக்குப் பின்னால் வரும்போதே விளக்கத்தோடு வந்தார். "மௌனத்தை ஏன் அவ்வளவு நேரம் கட்டிவைத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும். உடைவதற்காகத்தான். அணை இல்லாமல் வெள்ளம் ஏது?" வெளித்தேர்வாளர் அவரைக் கடந்து நேராகக் கொசுவிடம் போனார்.

"நீதானா அது?"

"ஆமா மேடம்."

"முதல் பாதியில ஏன் பாடலை?"

மாமேதையின் கழுத்துத்துணி அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஏதோ வேலையாக இருப்பதுபோல் பாவனை செய்தார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தால் ஒரு மதிப்பீடு போகும், காப்பாற்றினால் இன்னொன்று.

"தெரியலை மேடம்," என்றாள் கொசு. "பாட விடலைன்னு நினைச்சேன். கடைசியில பாத்தா பயமாவும் இருந்திருக்கு."

அந்தம்மா ஒருமுறை மாமேதையைத் திரும்பிப் பார்த்தார், அந்தத் துணியை விலைக்குக் கேட்பவர் போல. அவர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி விலகிடுச்சு," என்றார் கொசுவிடம். "மேல போகையில மூச்சு பத்தலை, அவசரப்பட்டு ஓடிட்ட. கடைசி வரியில 'சொல்லு'வை நசுக்குற. பாஸ் போட்டிருக்கேன், ஆனா இதையெல்லாம் சரி பண்ணிக்கோ."

"சரி மேடம். இன்னும் ஏதாவது தப்பு இருக்கா மேடம்?"

"இன்னும் வேணுமா?"

"இருந்தா சொல்லுங்க மேடம்."

அந்தம்மா இன்னும் இரண்டு தப்பு சொன்னார். கொசு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முகம் கல்யாண வீட்டு விளக்கு மாதிரி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பம்பரம் அவள் விலாவில் இடித்தாள். "திட்டுறாங்கடி. எதுக்கு இப்படி இளிக்கிற?"

"அவ்வளவும் கேட்டிருக்குடி," என்றாள் கொசு.

அதற்குள் மாமேதை மேடை நடுவில் எல்லோரையும் கூட்டிவிட்டார். நாளைக்கும் ஒரு காட்சி இருந்தது. "இன்று நடந்தது அப்படியே நடக்க வேண்டும்," என்றார். "கிசுகிசுப்பு, உருளல், விளிம்பில் சக்கரம், ஓலம். அந்த விளக்கு அதே இடத்தில் விழ வேண்டும்."

பியானோக்காரர் மேலே தொங்கிய பேருந்தை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைப் பியானோவிலிருந்து பின்னால் இழுத்து, துடைத்து, மாமேதையின் பக்கம் திருப்பிவைத்தார்.

"விழட்டும் சார்," என்றார். "நாளைக்கு நீங்க வாசிங்க."